உப்புக் கரித்த மூன்று கண்ணிகள்

“ஆமாங்க ஐயா, பாக்கல. சங்கிலி தொய்வா கீதான்னு நான் பாக்கவே இல்ல. எழுதிக்கோங்க.”

சம்பங்கி இதைச் சொன்ன வேகத்தைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்கிறவன்கூட இவ்வளவு ஆசையாகக் கேட்கமாட்டான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் கொஞ்சம் மென்று விழுங்க வேண்டாமா? குறைந்தபட்சம் அடுத்தவன் மேல் பழியாவது போட வேண்டாமா?

“யோவ், நீ போவப் போறது கோலார் ஜெயிலுக்கு. ஆடிக்கு அழைச்ச மாமியார் வூட்டுக்கு இல்ல,” என்றேன்.

“தெரியும் அண்ணே,” என்று தலையைக் குனிந்துகொண்டான். விலங்கு மாட்டிய கைகள் மடியில் கிடந்தன. டைம் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர் ஒருவர் கொட்டாவி விட்டபடி மத்தியான ரயிலுக்காகக் காத்திருந்தார்.

பர்னபாஸ் அண்ணன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசாமல் இருக்கும்போதுதான் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மைசூர் போலீஸில் இருந்து விலகி வந்தவர். தங்கம் கடத்துகிறவர்களைப் பிடிக்கச் சுரங்கக் கம்பெனிகள் அவரைக் கூப்பிடும். பிளேக் வந்த வருஷம் மனைவி டெய்சி போய்ச் சேர்ந்தாள். அதிலிருந்து ஒற்றை ஆளுக்கு ஒற்றைப் பானையில் கஞ்சி. சில நாள் நானும் போய்ப் பங்கு கேட்பேன். நான் சாம்ராஜ், நாடகக் குழுவில் கோமாளி வேஷம் போட்டவன். பங்காருபேட்டையில் எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, குழு என்னை ஸ்டேஷன் பெஞ்சில் படுக்க வைத்துவிட்டு ரயிலேறிவிட்டது. அன்றைக்கு வாய் திறந்தவன் இன்னும் மூடவில்லை. மூடினால் என் அறையின் அமைதி காதுக்குள் புகுந்துவிடும். தனியாக இருப்பது பழகிவிடும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. எனக்குப் பழகவே இல்லை.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: “பொய் சொல்றான்.”

“தப்பு பண்ணலன்னு பொய் சொல்றவனைப் பாத்திருக்கேன். தப்பு பண்ணேன்னு பொய் சொல்றவன் எந்த ஊரு ஆளுண்ணே?”

“அதான் எனக்கும் தெரியணும். வா, இஞ்சின் ரூமுக்குப் போவோம்.”

பக்கத்துச் சுரங்கங்களான சாம்பியன் ரீப்ஸுக்கும் நந்திதுர்க்குக்கும் காவிரியிலிருந்து கரண்டு வந்துவிட்டது. நடுவில் நோஞ்சான் பிள்ளை மாதிரி கிடக்கும் எங்கள் பெல்மோர் சுரங்கத்துக்கு மட்டும் இன்னும் எண்ணெய் இஞ்சின்தான். அது ஓடினால்தான் காற்று மெஷின் சுற்றும். மெஷின் சுற்றினால்தான் கீழே லெவல் என்கிற சுரங்கத் தளங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மூச்சு.

சனிக்கிழமை அந்த இஞ்சினின் கேம் ஷாஃப்ட் விரிசல் விட்டது. வால்வுகளை நேரம் பார்த்துத் திறந்து மூடுகிற தண்டு அது. ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்துக்கு லீவு என்பதால், பிட்டர் சம்பங்கி அன்றைக்குப் புது ஷாஃப்ட்டை மாட்டினான். நேற்று, திங்கட்கிழமை காலையில் டிரைவர் வால்டர் இஞ்சினைக் கிளப்பினார். ஷிப்டு ஆட்கள் கீழே இறங்கினார்கள். கொஞ்ச நேரம்தான். தண்டைச் சுழற்றும் சங்கிலி பல் தாண்டியது, மூடியிருக்க வேண்டிய வால்வு திறந்து நிற்க, பிஸ்டன் போய் அதன் தலையில் மோதியது. இஞ்சின் நின்றது, காற்றும் நின்றது. மயங்கிக் கிடந்தவர்களைக் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் அள்ளிப்போட்டு மேலே கொண்டு வந்தார்கள். யாரும் சாகவில்லை, ஆனால் மரியகுழந்தை என்கிறவர் இன்னும் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறார். சங்கிலித் தொய்வைப் பார்க்காமல் விட்ட சம்பங்கிதான் காரணம் என்று இஞ்சினியர் துரை முடிவு கட்டிவிட்டார். அவனும் ஆமாம் சாமி போட்டுவிட்டான்.

இஞ்சின் ரூமில் வால்டர் இருந்தார். வெள்ளைக் கோட்டு, ஒழுங்காக வாரிய தலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்கிறவர். செத்த இஞ்சினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, துஷ்டி வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“வாங்க பர்னபாஸ். பாவம் சம்பங்கி, நல்ல புள்ள. ஆண்டவர்தான் அவனை மன்னிக்கணும்,” என்றார்.

“சங்கிலியைப் பாக்கலாமா?”

கழற்றி ஒரு சாக்கின் மேல் போட்டிருந்தார்கள். எண்ணெயும் கரியும் ஊறி, எருமை முதுகுபோல் கறுப்பாக இருந்தது. அண்ணன் உட்கார்ந்து, ஜெபமாலை உருட்டுவதுபோல் கண்ணி கண்ணியாக விரலில் தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

அடுத்தடுத்து மூன்று கண்ணிகள் மட்டும் கறுப்பாக இல்லை. செம்மண் நிறத்தில் துரு பூத்திருந்தன.

“எண்ணெயில குளிச்ச சங்கிலி,” என்றார் அண்ணன். “இந்த மூணுக்கு மட்டும் இன்னா வந்துச்சு?”

“எண்ணெ தேய்ச்சுக் குளிக்க இதுங்க மட்டும் அடம் புடிச்சிருக்கும்,” என்றேன்.

அவர் செய்த அடுத்த காரியத்தை என் குலதெய்வம் வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் கண்ணியை எடுத்து நாக்கால் நக்கினார்.

“அடக் கடவுளே! அண்ணே, பசின்னா சொல்லுங்க, பன்னு வாங்கியாறேன்!”

“நீயும் நக்கு.”

“நான் காலைல சாப்ட்டேன்.”

“நக்குய்யா.”

நக்கினேன். உப்பு. நாக்கைத் துடைக்கத் துணி கிடைக்காமல் வேட்டி முனையிலேயே துடைத்துக்கொண்டேன். இந்த உத்தியோகத்துக்கு நான் வந்திருக்கவே வேண்டாம்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்து, கண்ணியின் இடுக்கைக் கீறினார். துருவுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஒரு துணுக்கு வந்தது. நகத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, “சுண்ணாம்பு,” என்றார்.

“முதல்ல சுண்ணாம்பு, அதும் மேல உப்பு. இஞ்சினுக்கு யாரோ ஊறுகா போட்டிருக்காங்க,” என்றேன்.

வால்டர் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அண்ணன் வாசலுக்குப் போனார். கதவு நிலையின் உட்புறத்தில், தரையில் உட்கார்ந்தால் தோளுயரம் வரும் இடத்தில், வெள்ளைத் தீற்றல்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டு, விரலில் மிஞ்சியதைச் சுவரில் துடைப்போமே, அந்தத் தீற்றல்தான். ஒன்றிரண்டு இல்லை. பழசு மஞ்சளித்து, அதன் மேல் புதுசு, அதன் மேல் இன்னும் புதுசு. யாரோ ஒருவர் மாசக்கணக்கில் அந்த ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். கூடப் பேச ஆள் இருந்தால் மனிதன் இடம் மாறி மாறி உட்காருவான். இது பேச்சுத்துணை இல்லாதவர் உட்கார்ந்த இடம். எனக்கு அது பார்த்ததுமே புரிந்தது, ஏனென்றால் என் அறையிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது.

“வால்டர், நீங்க வெத்தல போடுவீங்களா?”

“அந்தப் பழக்கம் இல்ல.”

“சம்பங்கி?”

“அவனும் இல்ல.”

திரும்பி டைம் ஆபீஸுக்கு நடந்தோம். வழியில் அண்ணன் எனக்கு விளக்கினார். சங்கிலி பழசு, புது ஷாஃப்ட்டின் பல்சக்கரமோ மயிரிழை கோணல். அதனால் சுற்றச் சுற்ற ஓரிடத்தில் விறைக்கும், ஓரிடத்தில் தொய்யும். ஒருவர் பெரிய சக்கரத்தைக் கையால் தள்ளிக்கொண்டே வர வேண்டும். இன்னொருவர் சங்கிலியைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிப் பார்க்க வேண்டும். ரொம்ப ஆடுகிற இடத்தில் அடையாளம் வைத்து, அந்த அடையாளம் கைக்கு நேரே வரும்போதுதான் இறுக்க வேண்டும். ஆபீஸ் ஆட்கள் சாக்பீஸ் தேடுவார்கள். பிட்டர்கள் பக்கத்தில் இருப்பவரின் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு சொட்டுச் சுண்ணாம்பு கேட்பார்கள்.

“அப்படின்னா சம்பங்கி பாத்திருக்கான்!” என்றேன்.

“நல்லாவே பாத்திருக்கான். ஆனா தனியாப் பாக்க முடியாது. ஹெல்பருங்க ஞாயித்துக்கிழமை கோயில்ல இருந்தாங்க. கூட இருந்தது வேற ஆளு.”

சம்பங்கியின் முன்னால் போய் நின்று அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார். “சுண்ணாம்பு வெச்சது யாருப்பா?”

அவன் முகம் செத்துப்போனது. ஜெயில் என்றபோது அசையாதவன், இதற்கு எழுந்து அண்ணன் காலில் விழப் பார்த்தான்.

“ஐயா, வேணாம்யா. நான்தான் பாக்கலன்னு சொல்றேனே, அப்பறம் இன்னாத்துக்கு நோண்டுறீங்க? எனக்கு யாரு கீறாங்க, உள்ள போனா அழறதுக்கு? அந்த எடத்த மட்டும் புடுங்கிடாதீங்க.”

“எந்த எடத்த?”

வாயை இறுக்க மூடிக்கொண்டான்.

“சங்கிலி சரியா இருந்துச்சு. ஞாயித்துக்கும் திங்களுக்கும் நடுவுல அதைக் கலைச்சது யாரு?” என்று நான் நடந்துகொண்டே கேட்டேன். “சாவி வால்டர் கிட்ட. ஆனா அவரு உப்பை எடுத்துப் போய் இஞ்சின்ல ஏன் தேய்க்கணும்? கஞ்சியில போடுற உப்பு அது.”

அண்ணன் நின்றார். “அழுக்கைக் கழுவணும்னா முழுச் சங்கிலியையும் கழுவுவான். மூணு கண்ணிய மட்டும் கழுவினவன் அழுக்குக்குப் பயந்தவன் இல்ல. நீ வெத்தல போடுவ இல்ல? சுண்ணாம்பு டப்பாவை எடு.”

இஞ்சின் ரூமில் வால்டர் இன்னும் ஜன்னல் பக்கம்தான் நின்றிருந்தார். நான் அவரிடம் போய், மரியகுழந்தைக்குக் காலையில் கஞ்சி இறங்கியதா, யார் போய்ப் பார்த்தார்கள் என்று நாலு வார்த்தை அளந்தேன். அதற்குள் அண்ணன் வேலையை முடித்துவிட்டார்.

“வால்டர், உங்க பொட்டியில இருந்து ஒரு ஸ்பேனர் குடுங்களேன்.”

வால்டர் குனிந்தார். பெட்டி மூடியில் அடுத்தடுத்து மூன்று வெள்ளைப் பொட்டு. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

“யாரு… யாரு வெச்சது இத்த?”

அவருடைய வலது கை, தானாக, ஸ்டூலுக்கு அடியில் இருந்த கஞ்சித் தூக்கை நோக்கிப் போனது. அதன் மூடியில் உப்புப் பொட்டலம் இருந்தது.

“எடுங்க வால்டர், கூச்சப்படாதீங்க,” என்றார் அண்ணன் மெதுவாக. “சங்கிலியைச் சுத்தினா மாதிரி இதையும் சுத்திடுங்க.”

வேதம் வாசிக்கிற மனிதர் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு நாக்கு நுனியில் ஒரு கிண்டல் இருந்தது. அவர் பேச ஆரம்பித்ததும் அதை விழுங்கிவிட்டேன்.

“போன வருசம் எங்க வூட்டு வாசப்படியில இதே மாதிரி மூணு பொட்டு இருந்துச்சு. பாதிரியார் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். அந்த வாரமே என் சம்சாரம் ஐடா போயிட்டா. வயித்துப் புள்ளையோட போயிட்டா, பர்னபாஸ். திங்கக்கெழம காலைல வந்து பாக்குறேன், சங்கிலியில அதே மூணு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. சங்கிலியைத் தளத்தி, உப்பால சுத்தி, தேய்ச்சுத் தொடைச்சேன். அப்பறம் இறுக்கிட்டேன்.”

“எந்த எடத்துல வெச்சு இறுக்கினீங்க?”

“சக்கரம் நின்ன எடத்துலதான். விரலால அமுக்கினேன், சரியாத்தான் இருந்துச்சு.”

விறைத்த இடத்தில் வைத்து இறுக்கியிருக்கிறார். அங்கே சரியாக இருந்த சங்கிலி, தொய்ந்த இடம் வந்தபோது ஊஞ்சல் ஆடியது. தொய்ந்த இடம் எது என்று காட்டத்தான் அந்தச் சுண்ணாம்பு. காப்பாற்ற வைத்த பொட்டை ஏவல் என்று நினைத்து அழித்துவிட்டார்.

“சொல்லியிருக்கலாமே. உங்களுக்காக ஒருத்தன் உள்ள போறானே,” என்றேன்.

“வேதம் வாசிக்கிறவன் உப்பு சுத்தினான்னு எப்படிப்பா சொல்வேன்? எனக்கு மிச்சம் இருக்கிறது அந்தக் கோயில் ஒண்ணுதான்.” சத்தமில்லாமல் அழுதார். பிறகு அவரே எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, துரையைப் பார்க்க எங்களோடு வந்தார்.

இஞ்சினியர் துரைக்குத் தமிழ் பாதிதான் வரும். சந்தேகம் மட்டும் முழுசாக வரும். வால்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினார்.

“சம்பங்கி தனி ஆள். தனி ஆள் செக் பண்ண முடியாது. சுண்ணாம்பு யார் வெச்சான்? அந்த ஆள் வரணும். வரல, சம்பங்கி ரயில் போறான். வால்டரும் போறான்.”

வெளியே வந்து நான் குதித்தேன். “யாருன்னு உங்களுக்குத் தெரியும் அண்ணே. முகத்துல எழுதி ஒட்டியிருக்கு. சொல்லித் தொலைங்க.”

“யாருன்னு தெரியாது. பொம்பளைன்னு தெரியும். நிலையில இருக்கிற விரல் தடம் சின்னது. பேரை நான் கேக்கப் போறதில்ல சாம்ராஜ். அவங்களுக்குச் சேதி மட்டும் போவணும். வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கொழாயடி வரைக்கும் போய் வழக்கம்போல பேசிட்டு வா.”

இதற்குத்தான் ஆண்டவன் எனக்கு வாயைக் கொடுத்திருக்கிறான். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு நடுவே குழாயடியில் பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் முன்னால் போய் மேடையில் கத்துவதுபோல் கத்தினேன். “கேட்டீங்களாம்மா! இஞ்சின் பிட்டர் சம்பங்கிய மத்தியான ரயில்ல கோலார் ஜெயிலுக்குக் கொண்டு போறாங்க! சுண்ணாம்பு வெச்ச ஆளு வந்து சொன்னா விட்டுடுவாங்களாம், இவனானா அந்தப் பேரச் சொல்ல மாட்டேன்றான்! மடப்பய!”

வரிசையில் சலசலப்பு. ஒரு குடம் மட்டும் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. அதை எடுக்க ஆளில்லை.

நான் துரை ஆபீஸுக்குத் திரும்பியபோது அவள் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். முப்பது வயசிருக்கும். கழுத்தில் ஒன்றுமில்லை. இடுப்பில் வெற்றிலைப் பை. சம்பங்கியையும் கூட்டி வந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“என் பேரு தங்கம்மா. கல்லு பொறுக்குற வேலை. சுண்ணாம்பு நான்தான் வெச்சேன்,” என்றாள். “இந்த மனுசன் சக்கரத்தைத் தள்ளினாரு, நான் அமுக்கிப் பாத்தேன். எங்க ரொம்ப ஆடுதோ அங்க வையின்னாரு, வெச்சேன். கை எண்ணெய் போவ மூணு நாளாகும் போல கீது. பாத்துக்கோங்க.” உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

வாசலில் கூடியிருந்த லைன்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதவை, ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத இஞ்சின் ரூம். அந்தப் பார்வைக்கு விளக்கம் வேண்டியதில்லை. நாளையிலிருந்து குழாயடியில் இவளோடு யாரும் பேசமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

“இஞ்சின் ரூம்ல உனக்கு இன்னா வேலை?” என்றார் துரை.

அவள் ஒரு விரலால் தரையைக் காட்டினாள்.

“எங்க வூட்டுக்காரு கன்னியப்பன் கீழ கீறாரு தொரை. கெழக்கு லெவல்ல பாறை சரிஞ்சப்ப மாட்டிக்கினாரு. ஒடம்ப எடுக்க முடியாதுன்னு சொல்லி அப்படியே வெச்சு மூடிட்டீங்க. எனக்குக் கும்புட ஒரு சமாதிகூட இல்ல. காத்துக் கொழாயி அந்த வழியாத்தான் போவுதுன்னு சொன்னாங்க. அதான் வேலை முடிச்சுட்டு வந்து உக்காருவேன். மெஷின் சுத்துற சத்தம் கேட்டா, அவருக்குக் காத்து போவுதுன்னு தோணும். இந்த மனுசன் ஒரு நாளும் தொரத்தல. ஒரு வார்த்த தப்பாப் பேசுனதும் இல்ல. அவரு பாட்டுக்கு எண்ணெ ஊத்துவாரு, நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்.”

துரை மொழிபெயர்க்கச் சொல்லி பர்னபாஸ் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தார்.

விலங்கைக் கழற்றச் சொன்னார் துரை. வால்டரை இஞ்சினிலிருந்து தூக்கி, ஸ்டோரில் கணக்குப் பார்க்கப் போட்டார். அது வரைக்கும் நியாயம்தான். பிறகு அவர் சட்டப் புத்தகம் விழித்துக்கொண்டது. “இஞ்சின் ரூம்ல வெளி ஆள் கூடாது. பொம்பளை கூடவே கூடாது. இனி வாசல்ல காவல் போடு.”

“தொரை, இந்தம்மா இல்லன்னா அந்தச் சங்கிலியை யாரும் பாத்திருக்கவே முடியாது,” என்றார் அண்ணன்.

“ரூல்,” என்று சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சம்பங்கி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு எங்களிடம் வந்தான். “பாத்தீங்களா? இதுக்குத்தான் வேணாம்னேன். நான் உள்ள போயிருந்தா அந்தம்மாவுக்கு உக்கார ஒரு எடமாவது இருந்திருக்கும். இன்னா சாதிச்சீங்க நீங்க?”

ஒரு நிரபராதியை மீட்டுவிட்டு அவனிடமே திட்டு வாங்கியது எங்கள் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. திட்டு நியாயமானதும்கூட.

தங்கம்மா படியிறங்கிப் போனவள் நின்று, திரும்பி அவனிடம் வந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அழவும் இல்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

“இஞ்சின எப்ப ஓட வெப்பீங்க? நேத்துலருந்து அவருக்குக் காத்து இல்ல.”